கோட்டில் விழாத புள்ளி

சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம், கதை எங்கும் ஓடிப்போகாது.

குருவின் பெயர் பூங்கோதை. சூலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடைக்கு மேலே இரண்டு அறை, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. மடம் என்றாலும் அதுதான், ஆபீஸ் என்றாலும் அதுதான். பூங்கோதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. யாரோ ஒருநாள் 'டீச்சர்' என்று கூப்பிட்டு வைக்க, அதுவே நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்திய சென்னியப்பனும் அவரை 'டீச்சருங்க' என்றுதான் கூப்பிடுவார். பூங்கோதை பதிலுக்கு 'அண்ணா' என்பார்.

குவாண்டம் கணினி என்று ஒன்று வந்திருக்கிறது. நம் மேஜைக் கணினி வருஷக்கணக்கில் திணறுகிற சில கணக்குகளை அது சீக்கிரமே போட்டுவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் சரியான தொட்டாற்சுருங்கி. கொஞ்சம் சூடு பட்டால் விடை பிசகும், கொஞ்சம் அதிர்ந்தால் பிசகும், சும்மா விட்டு வைத்தாலும் பிசகும். அந்தத் தொல்லைக்கு இரைச்சல் என்று பெயர். இரைச்சலுக்கு நடுவே சரியான விடையைத் தேடி எடுக்கப் பூங்கோதை ஒரு நிரல் எழுதினார். 'தெளிவு' என்று பெயர் வைத்தார். எழுதியதைப் பூட்டி வைக்காமல் ஊருக்கே திறந்து விட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தி எழுதி அனுப்பலாம். அப்படி ஒவ்வொருவராகப் பத்து நாட்டிலிருந்து அறுபது பேர் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரும் திரையில் முகம் காட்டிக் கூடுவார்கள்.

குழுவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. யார் எழுதினாலும், டீச்சரே எழுதினாலும், இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் அது நிரலில் சேரும். சேர்க்கிற உரிமை டீச்சர் ஒருவரிடமே இருந்தது. அதைச் சாவி என்று சொல்வார்கள்.

இரண்டாவது சாவி ஒன்று தரப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. சென்னியப்பன் மூன்று வருஷமாக மாடு மாதிரி உழைத்தது அதற்குத்தான். அவர் கல்லூரி வேலையை விட்டபோது, "மாமனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று மச்சினன்கள் கேட்டார்கள். மனைவி ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. சாவி கைக்கு வந்துவிட்டால் வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேறு எதற்காகவும் இல்லை.

அவருக்கு வாய்த்த வேலை புகார் பார்ப்பது. 'இங்கே நின்று போகிறது', 'அங்கே விடை வரவில்லை' என்று நாலா பக்கமிருந்தும் எழுதுவார்கள். பதில் சொல்லிப் புகாரை மூட வேண்டும். மூடினால் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழும். அந்தப் பச்சையைப் பார்த்தால் அவருக்கு வயிறார உண்ட மாதிரி இருக்கும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"டீச்சருங்க, இன்னிக்கு நம்ம பக்கத்துல திறந்த புகார் ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்படீங்களாண்ணா?"

"நானூத்திப் பன்னண்டு வந்துச்சுங்க. அத்தனையும் மூடியாச்சு."

"பெரிய வேலைங்கண்ணா."

சென்னியப்பன் போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"பிழையில்லாத குழுன்னு சொல்ற அளவுக்கு நாம வந்துட்டமுங்களா?"

கேட்க நினைத்தது சாவி எப்போது என்பதை. கூச்சத்தில் கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. டீச்சருக்கு அது புரியாமல் இல்லை.

"நம்ம 'தெளிவு' இரைச்சலை எப்படிங்கண்ணா அளக்குது?" என்று திருப்பிக் கேட்டார்.

வாத்தியாரிடம் பாடம் கேட்டால் விடுவாரா? சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மெஷின்ல இருக்கற இரைச்சலைக் கொறைக்க நம்மளால முடியாதுங்க. ஆனாக் கூட்ட முடியும். ஒரு கணக்கை இருக்கற இரைச்சலோட ஓட்டறோம். அப்பறம் வேணும்னே அதை ரெண்டு மடங்காக்கி ஓட்டறோம். மூணு மடங்காக்கி ஓட்டறோம். ஒவ்வொரு தடவையும் விடை எத்தனை கெட்டுப்போகுதுன்னு புள்ளி வெக்கறோம். புள்ளியெல்லாம் சேத்து ஒரு கோடு போட்டு, அதைப் பின்னாடி இழுத்துட்டே போனா, இரைச்சலே இல்லாத எடத்துல விடை என்னன்னு தெரிஞ்சு போகுது."

"அதேதானுங்கண்ணா. ஆறு வாரம் குடுங்க. அளந்து சொல்றேன்."

"அந்தச் சாவி விசயமும்..."

"அன்னிக்கே பேசிக்கலாம்."

சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற வழியில் அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். எதற்கு என்று மனைவி கேட்டதற்குச் சும்மாதான் என்றார்.

அடுத்த ஆறு வாரத்தில் டீச்சர் மூன்று திருத்தம் எழுதினார். மூன்றும் வெள்ளோட்டப் பிரதிக்கு. அது குழுவுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற பிரதி, வெளியாட்கள் கைக்குப் போகாது. மூன்றையும் படித்துப் பார்க்கும் பொறுப்பு சென்னியப்பன் தலைமையில் ஏழு பேருக்கு.

முதல் திருத்தத்தை அவர் நாற்பது நிமிஷம் படித்தார். 'சரி' என்று போட்டார். இரண்டாவதைப் பத்து நிமிஷம் படித்தார். 'மிகவும் சரி' என்று போட்டார். மூன்றாவதற்கு மொத்தம் நாலு நிமிஷம் ஆனது. அதில் மூன்று நிமிஷம், பாராட்டுக்கு எந்தப் பூப்படம் போடலாம் என்று தேடியதில் போயிற்று. கடைசியில் ஒரு தாமரையைப் போட்டு, 'அருமை டீச்சர்' என்று எழுதினார். மற்ற ஆறு பேரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு சென்னியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாலு மணிக் கூட்டத்தில் சாவி யாருக்கு என்று அறிவிக்கப்போகிறார்கள். அறுபது பேருக்கும் தகவல் போயாகிவிட்டது.

"அண்ணா, மூணாவது திருத்தத்தைச் சித்த வாசிங்க. சத்தமா," என்றார் டீச்சர்.

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பதினாலு வரி கணீரென்று போனது. பதினைந்தாவது வரியில் குரல் நின்றது. மறுபடி வாசித்தார். கோட்டைப் பின்னாடி இழுக்க வேண்டிய இடத்தில் நிரல் முன்னாடி இழுத்திருந்தது. இரைச்சலே இல்லாத இடத்தைத் தேடிப் போகாமல், நாலு மடங்கு, அஞ்சு மடங்கு இரைச்சலுக்குள் போய் நின்றுகொண்டு இதுதான் விடை என்றது.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தப்பா இருக்குதுங்க."

"எத்தனை தப்பு?"

"முழுத் தப்புங்க. முதல் வருசம் படிக்கற புள்ளைகூடச் சொல்லிப்போடும்."

"நீங்க என்ன சொன்னீங்கண்ணா?"

திரையில் அந்த வரிக்கு நேர் கீழே தாமரைப் பூ இருந்தது.

"ரெண்டாவதை வாசிங்க."

வாசித்தார். இரண்டு மடங்கு இரைச்சல் என்று பெயர் போட்டுவிட்டு மூன்று மடங்கு கூட்டியிருந்தது.

"முதலாவது?"

விடையை இடப்பக்கமிருந்து படிப்பதற்குப் பதில் வலப்பக்கமிருந்து படித்திருந்தது. சின்னப் பிழைதான். ஆனால் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பிழை.

"மூணும் நீங்க எழுதுனதுங்க," என்றார் சென்னியப்பன்.

"ஆமாங்கண்ணா."

"அசதியில எழுதிட்டீங்களா?"

"இல்லீங்க. தெரிஞ்சுதான் எழுதுனேன்."

கொஞ்ச நேரம் சென்னியப்பனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கீழே கடையில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கிற சத்தம்கூட விழவில்லை.

"வேணும்னே தப்பு வெச்சீங்களா?"

"ஒரு மடங்கு. ரெண்டு மடங்கு. மூணு மடங்கு," என்று டீச்சர் விரலை மடக்கினார்.

"என்னைய முட்டாளாக்கறதுக்குங்களா?"

"ஏழு பேரு பாத்தாங்கண்ணா. மூணு மடங்காக்கியும் விடை மாறவே இல்லை. முதல்ல சரி. அப்பறம் மிகவும் சரி. அப்பறம் அருமை டீச்சர்."

சென்னியப்பன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோபம் என்றால் அப்படிக் கோபம். மூன்று வருஷம் நாய் மாதிரி காவல் காத்தவனுக்கு இப்படி ஒரு பரீட்சையா, அதுவும் இவ்வளவு வயசுக்கு மேல், என்று மனசு கொதித்தது. மச்சினன்கள் முகம் வேறு கண்முன்னே வந்து தொலைத்தது. வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"அண்ணா," என்று டீச்சர் கூப்பிட்டார். "நான் வேணும்னே வெச்சதையே யாரும் பாக்கலை. அந்தக் கோட்டைப் பின்னாடி இழுத்துப் பாருங்க."

"பின்னாடின்னா?"

"நான் வைக்காத பிழை."

"அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் வைக்கலையே."

சென்னியப்பன் வாசலிலேயே நின்றார். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு பெயர் ஞாபகம் வந்தது. கில்டா. யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண்மணி. மூன்று தடவை புகார் எழுதினார். மூன்றையும் மூடியது சென்னியப்பன்தான்.

மூன்று பிழை, மூன்று புகார். அவருக்குப் பகீரென்றது. நாங்கள் ஏழு பேர் காணாததை அந்த அம்மா கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார், நான் மூடி வைத்துவிட்டேன் என்று நினைத்தார். வெள்ளோட்டப் பிரதி வெளியே போகாது என்பதுகூட அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து பையைக் கீழே போட்டுவிட்டு மூடிய புகார்களைத் தோண்டினார்.

முதலில் தேதியைப் பார்த்தார். ஆறு வாரத்துக்குள் இருக்கும் என்று நினைத்தால், எட்டு மாசம் முந்தின தேதி. டீச்சர் பிழை வைப்பதற்கு வெகு முன்னால். இது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை.

முதல் புகார் தமிழில் இருந்தது. 'ஐந்து அளவுகள் கொடுத்தேன். உங்கள் நிரல் நான்கை மட்டும் வைத்துக் கோடு போடுகிறது. ஐந்தாவது எங்கே போகிறது?'

அதற்குக் கீழே சென்னியப்பனின் பதில். 'இது உலகக் குழு, தயவுசெய்து ஆங்கிலத்தில் எழுதவும்.' அதை அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பக்கத்தில் பச்சைக் குறி.

இரண்டாவது புகார் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் இருந்தது. பன்னிரண்டு அளவு கொடுத்தேன், ஒன்பதுதான் கணக்கில் வருகிறது என்று எழுதியிருந்தார். சென்னியப்பன் பதில்: 'கையேட்டைப் படிக்கவும்.' பச்சைக் குறி.

மூன்றாவது புகார் ஒரே வரி. 'மன்னிக்கவும், நான்தான் ஏதோ தவறாகச் செய்கிறேன் போல, இனித் தொந்தரவு தரமாட்டேன்.' அதற்கும் ஒரு பச்சைக் குறி போட்டிருந்தார் மனுஷன்.

சென்னியப்பன் மூன்றையும் அன்றுதான் முதல் தடவையாகப் படித்தார். முன்பு படிக்காமலா பதில் போட்டார் என்று கேட்காதீர்கள். அப்படித்தான் போட்டிருக்கிறார். தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து கில்டாவைக் கூப்பிட்டார்.

"வணக்கமுங்க. தெளிவு குழுவுல இருந்து சென்னியப்பன் பேசறேன்."



"ஓம், சொல்லுங்கோ சேர்."

"நீங்க எழுதுன புகாருங்க. அந்த அஞ்சாவது அளவு..."

"அதை நான் விட்டுட்டன் சேர். என்ர பிழையெண்டு நினைச்சன்."

"இப்பவும் அப்படித்தான் வருதுங்களா?"

"இப்பவும் அப்பிடித்தான். நான் இப்ப உங்கட புரோகிராமைப் பாவிக்கிறேல்லை. கையாலதான் கோடு போடுறன். பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிறன்."

"எங்ககிட்ட இன்னொருக்காச் சொல்லியிருக்கலாமுங்களே."

"மூண்டு தரம் சொன்னனான் சேர்."

சென்னியப்பன், நாலு மணிக் கூட்டத்துக்கு வரமுடியுமா என்று கேட்டார்.

"நான் உங்கட குழுவில இல்லையே."

"வாங்கம்மா," என்றார்.

பிறகு அவரே ஓட்டிப் பார்த்தார். வெள்ளோட்டப் பிரதி அல்ல, வெளியே எல்லோரும் பயன்படுத்துகிற அசல் பிரதி. ஐந்து அளவு கொடுத்தார், அளவுக்கு ஒரு புள்ளி விழ வேண்டும். அழகான நேர்கோடு ஒன்று வந்தது. எண்ணிப் பார்த்தால் கோட்டில் நாலு புள்ளிதான். மறுபடி கொடுத்தார். மறுபடியும் நாலு. மதியச் சாப்பாட்டை மறந்து வரி வரியாகத் தேடினார். மூன்று மணிக்கு அந்த வரி அகப்பட்டது. கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடு என்று எழுதியிருந்தது. யாருக்கும் அறிவிக்காதே என்றும் சேர்த்து எழுதியிருந்தது.

'தெளிவு' போடுகிற கோடு ரொம்பச் சுத்தம் என்று உலகம் முழுக்கப் பேர். மற்ற நிரல்களின் புள்ளிகள் அங்கே இங்கே சிதறிக் கிடக்கும், தெளிவில் மட்டும் நூல் பிடித்த மாதிரி நிற்கும் என்று மெச்சுவார்கள். அந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்று சென்னியப்பனுக்கு இப்போது தெரிந்தது.

ஆனால் அடுத்த நிமிஷமே அவருக்கு வேறு ஒன்று தோன்றியது. இதுவும் டீச்சர் வேலைதான். மூன்று என்று சொல்லிவிட்டு நாலு வைத்திருக்கிறார். புகாரின் தேதியைக்கூட அவர் நினைத்தால் மாற்றியிருக்கலாம். அப்படி நினைத்ததும் பெரிய நிம்மதி. சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போனார்.

"சிக்கிருச்சுங்க டீச்சர். நாலாவதும் சிக்கிருச்சு."

"நாலாவதா?"

"மூணுன்னு சொல்லி ஏமாத்திப்போட்டீங்களே."

"மூணுதானுங்கண்ணா."

"அப்ப இது?" என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

டீச்சர் அந்த வரியைப் பார்த்தார். இரண்டாம் தடவை பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்து போவதைச் சென்னியப்பன் தன் கண்ணால் கண்டார். சென்னியப்பன் உதட்டிலிருந்த சிரிப்பும் அதோடு போயிற்று.

"இது நான் வெச்சதில்லீங்கண்ணா."

"அப்ப யாரு எழுதுனதுங்க?"

டீச்சர் வரியின் பூர்வீகத்தைத் தட்டிப் பார்த்தார். யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று அதில் வரும். பார்த்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான்தான்."

சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் பிழை வைப்பார் என்பதை அன்று காலைதான் ஜீரணிக்கத் தொடங்கியிருந்தார். டீச்சருக்குத் தெரியாமலே பிழை வரும் என்பதை அவரால் விழுங்கவே முடியவில்லை.

"மூணு வருசம் முந்தி," என்றார் டீச்சர். "ஒரு மாநாட்டுல மேடையில ஓட்டிக் காட்டோணும். அதுக்கு முந்தின நாள் ஒரே ஒரு புள்ளி தாவிட்டே இருந்துச்சு. அன்னிக்கு மட்டும்னு எழுதுனேன். மறுநாள் எடுத்துடலாம்னு. மறந்தே போச்சுங்கண்ணா."

"எத்தனை பேரு இதை வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க?"

"பதினோரு எடத்துல. கட்டுரையே போட்டிருக்காங்க."

டீச்சர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்க வரவில்லை. சென்னியப்பன் வாங்கித் திறந்து கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் டீச்சரை அந்த நிலையில் பார்த்ததே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

மணி மூன்றே முக்கால்.

"டீச்சருங்க," என்று சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "இது நம்ம ரெண்டு பேருக்கும் அந்தக் கில்டாம்மாவுக்கும்தான் தெரியும். அவங்களுக்கும் அளவு குறையுதுன்னுதான் தெரியும், ஏன்னு தெரியாது. அடுத்த பதிப்புல அந்த வரியைச் சத்தமில்லாம எடுத்துப்போடலாமுங்க. வெளிய சொன்னா உங்க பேரு போச்சு. குழுவே கலைஞ்சு போகும்."

அவர் டீச்சருக்காகத்தான் சொன்னார். தன் சாவிக்காகவும் சொன்னார். குழு கலைந்துவிட்டால் எந்தச் சாவி, எந்தக் கதவுக்கு?

டீச்சர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"அண்ணா, நம்ம கட்டுப்பாடு என்ன?"

"எழுதுனவங்களைத் தவிர இன்னொருத்தர் பாத்துச் சரின்னு சொல்லோணும்."

"இந்த வரியைப் பாத்துச் சரின்னு சொன்னது யாருன்னு பாருங்க."

சென்னியப்பன் தட்டிப் பார்த்தார்.

சென்னியப்பன் என்று இருந்தது.

அது அவர் குழுவில் சேர்ந்த முதல் வாரம். அவர் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட 'சரி'. அன்று சாயங்காலம் அதை மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டது வரைக்கும் ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

திரையில் ஒவ்வொரு முகமாக வரத் தொடங்கியது. இருபது, முப்பது, ஐம்பது. கடைசியாக ஒரு புது முகம். பருத்திச் சேலை, பின்னால் கரும்பலகை. கில்டா வந்துவிட்டார். எல்லோரும் சிரித்தபடி கையசைத்தார்கள். இரண்டாவது சாவி யாருக்கு என்று ஒருவர் கேட்டார். சென்னியப்பனாகத்தான் இருக்கும் என்று இன்னொருவர் கை தட்டினார். இந்தப் பக்கம் மைக் இன்னும் மூடியிருந்தது.

"டீச்சர்," என்றார் சென்னியப்பன், திரையைப் பார்க்காமல். "அன்னிக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சுங்க."

"என்ன சந்தேகம்?"

"கோட்டுல விழாத புள்ளியை ஏனுங்க ஒதுக்கறோம்னு. எழுதிக்கூட வெச்சேன். அனுப்பாம அழிச்சுப்போட்டேன்."

"ஏனுங்கண்ணா?"

"நீங்க எழுதுனதாச்சுங்களே."

பூங்கோதை மைக்கைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எல்லாரும் இருக்காங்க. இப்பக் கேளுங்க."